ஒற்றுக்கோள் மறையாது, மொழித்திரையே மறைக்கிறது



நம் தலைக்குமேல் நாடோறும் ஒற்றர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுக்குக் காலில்லை, கண் மட்டும் உண்டு. சில நூறு கி.மீ. உயரத்தில், நொடிக்கு ஏழரைக் கி.மீ.க்கு மேற்பட்ட விரைவில் ஞாலத்தைச் சுற்றிவரும் படைத்துறை ஒற்றுக்கோள்களையே சொல்கிறோம். அமெரிக்கா தன் ஒற்றுக்கோள்களின் தடங்களை உலகுக்கு வெளியிடுவதில்லை. ஆயினும் என்ன? பல நாட்டு எளிய மக்கள், தம் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே அத்தடங்களைக் கணித்துத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். அதற்கு வேண்டுவன இருகண் நோக்கி ஒன்று, நொடி காட்டும் மணிப்பொறி ஒன்று, விண்மீன்களைப் பெயர் சொல்லி அறியும் பயிற்சி, இவ்வளவே.

கதிரவன் மறைந்து சற்றே இருட்டியபின் சேலையூரிலோ மாடம்பாக்கத்து ஏரிக்கரையிலோ நின்று வானை நோக்குங்கள். ஓசையின்றி, விட்டுவிட்டு ஒளிராமல், ஒரே சீராக நகரும் ஒளிப்புள்ளி ஒன்று தென்படக்கூடும். அது தாம்பரம் படைத்தளத்து வானூர்தியன்று. நிலத்தில் இருள் சூழ்ந்தபின்னும் அவ்வுயரத்தில் கதிரவன் ஒளி படுகிறது. அவ்வொளியே கோளைக் காட்டிக்கொடுக்கிறது. எந்த அரசின் கமுக்க ஆணையும் அவ்வொளியை முற்றாக அணைத்துவிட இயலாது. குறித்த விண்மீனை அப்புள்ளி எந்நொடியிற் கடந்தது என்று குறியுங்கள். மறுமுறையும் மறுநாளும் குறியுங்கள். சுற்றுக்காலம் கிட்டும். சுற்றுக்காலத்தின் இருமடியும் தொலைவின் மும்மடியும் ஒன்றுக்கொன்று ஈடாக வளரும் என்று 1619இல் கெப்ளர் வகுத்த நெறியைக்கொண்டு, அதன் உயரமும் கிட்டும். இது பள்ளிக் கணக்கன்றி வேறென்ன?

பள்ளிக் கணக்கு பேரரசின் திரையைக் கிழித்த வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் கெட்டரிங் என்னும் நகரத்துப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் செப்ரி பெரி. அவர் தம் மாணவரோடு சேர்ந்து, எளிய வானொலி வாங்கியொன்றால் உருசிய ஒற்றுக்கோள்களின் ஒலியைக் கேட்டு நேரங்களைக் குறித்துவந்தார். 1966 மார்ச்சுத் திங்களில் ஏவப்பட்ட காசுமாசு 112, அறிந்த ஏவுதளத்தின் தடத்தோடு பொருந்தவில்லை. அவ்வாண்டு அக்தோபரில் ஏவப்பட்ட காசுமாசு 129இன் தடத்தையும் வரைந்தார். இரு தடங்களும் உருசியாவின் வடபால் பிளெசெத்சுக்கு என்னுமிடத்தருகே வெட்டிக்கொண்டன. உலகுக்கு மறைத்த ஏவுதளம் ஒரு வகுப்பறையில் வெளிப்பட்டது! உருசிய அரசு அதை ஒப்புக்கொண்டது 1983ஆம் ஆண்டில்தான்.

இங்கே ஒன்றை எண்ணுங்கள். உருசியர் உருசிய மொழியிற் கணக்கிட்டு ஏவினர். ஆங்கிலச் சிறுவர் ஆங்கிலத்திற் கணக்கிட்டுக் கண்டனர். இருவரும் தத்தம் தாய்மொழியிலேயே வானளந்தனர். தமிழ்ச் சிறுவன் மட்டும் வானளப்பதற்கு முன் வேற்றுமொழிக்கு வாயிற்காவல் வரி கட்ட வேண்டுமாம்! இது எந்த ஊர் நயன்மை?

நமக்கு ஆற்றல் இல்லையா? 2009 ஏப்பிரல் 20 அன்று சிறீஅரிக்கோட்டையிலிருந்து எழுந்த ஏவூர்தி இரு கோள்களைச் சுமந்தது. ஒன்று, முகிலையும் இருளையும் ஊடுருவிப் பார்க்கும் இசுரேலியக் கருவி பொருத்திய இரிசாட்டு-2. 2008இன் மும்பைத் தாக்குதலுக்குப்பின் விரைந்து ஏவப்பட்ட கண்காணிப்புக் கோள். மற்றொன்று, அண்ணா பல்கலைக்கழகம் ஆக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட்டு. இரண்டும் ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில், 41 பாகைச் சாய்வில் விடப்பட்டன. தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில், சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்து நிலையத்திலிருந்து நம் பிள்ளைகள் அனுசாட்டைப் பின்தொடர்ந்தனர். ஒற்றுக்கோளோடு உடன்பிறந்த கோளின் குரல் நம் தெருக்கோடியிற் கேட்டது! அதே கல்லூரியிற் பயின்ற சிவன், குமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் தமிழ்வழிக் கல்வி பெற்றவர். 2018இல் இந்திய விண்வெளித் துறைக்கே தலைவரானார். 2008இல் நிலவுக்குச் சென்ற முதல் இந்தியக் கலத்தின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையும் தமிழ்வழியிற் பயின்றவரே. தமிழ் அவர்களை எந்த வானத்தினின்று தள்ளியது?

"தமிழில் சொல் ஏது?" என்பார் சிலர். சுற்றுத்தடம், சாய்வு, அண்மைநிலை, சேய்மைநிலை, சுற்றுக்காலம்: இவ்வைந்து சொல்லும் கைக்கொண்டால் எந்த ஒற்றுக்கோளின் தடத்தையும் பேசலாம். குறை சொல்லில் இல்லை. சொல்ல மறுக்கும் வாயில் இருக்கிறது. 2019 மார்ச்சு 27 அன்று 283 கி.மீ. உயரத்தில் தன் கோளையே இந்தியா ஏவுகணையால் தகர்த்தது. அம்முயற்சிக்குச் 'சக்தி' என்று பெயர். விண்பொருள்களைக் கண்காணிக்கும் திட்டத்திற்கு 'நேத்திரா' என்று பெயர். கண் என்னும் தமிழ்ச்சொல் கண்ணுக்குப் புலப்படவில்லை போலும்! அண்ணாவின் பெயர் தாங்கிய கழகத்தின் கோளுக்கும் ஆங்கில எழுத்துகளைச் சுருக்கிய பெயரே வாய்த்தது. இக்குறையில் நம்மவர்க்கும் பங்குண்டு என்பதை மறைப்பானேன்?

இப்போது குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்பிரவரி 28 அன்று அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சிறீஅரிக்கோட்டையிலிருந்து தென்முகமாக ஏவினால் ஈழத்தீவைத் தவிர்க்க ஏவூர்தி வளைந்து செல்ல வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசேகரப்பட்டினத்திலிருந்தோ தெற்கு நோக்கி நேரே செல்லலாம். ஒற்றுக்கோள்கள் பெரிதும் விரும்பும் துருவத்தடத்திற்கு ஏற்ற இடம் அதுவே. மண் தமிழருடையது, கடல் தமிழ் மீனவருடையது. அங்கிருந்து எழுவது எது, எவ்வழியே செல்லும், எப்போது கரையினர் விலக வேண்டும் என்பதெல்லாம் தமிழில் முதலிற் சொல்லப்பட வேண்டும் என்று கேட்பது தவறா?

ஆசிரியப் பெருமக்களே! திங்களுக்கு ஒருநாள் மாலையில் மாணவரைப் பள்ளித் திடலுக்கு அழைத்துவாருங்கள். நகரும் புள்ளியைக் காட்டுங்கள்; நேரத்தைத் தமிழிற் குறிக்கச் செய்யுங்கள்; தடத்தை வரையச் செய்யுங்கள். கரும்பலகையிற் 'சாட்டிலைட்' என்னும் சொல்லை அழித்துச் 'செயற்கைக்கோள்' என்று எழுதுங்கள். உலக வல்லரசுகள் கோளை மறைக்க முயன்று தோற்றன. அறிவை மறைக்க முயல்வோர் மட்டும் நம் நாட்டில் வென்றுகொண்டிருக்கின்றனர். ஏனெனில் அவர்கள் பயன்படுத்தும் திரை வேற்றுமொழி. அத்திரையைக் கிழிக்க ஏவூர்தி வேண்டா, எழுதுகோல் போதும். எடுங்கள்!