வீழ்ந்த வீரனும் விலைபேசும் உலகும்

அதிபாரப் பிரிவுக் குத்துச்சண்டை வீரனொருவன் தோற்றவுடன் அவனைப் பற்றி இரு வினாக்கள் எழுகின்றன. அவன் அதுவரை பெற்றிருந்த பெருமை இனி நிலைக்குமா என்பது ஒன்று. அவன் மீண்டும் மேடையேற வேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவது வரலாறு பற்றிய வினா. இரண்டாவது ஓர் உடலைப் பற்றிய வினா. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, 'இழந்த பெருமையை மீட்க இன்னொரு போட்டி வேண்டும்' என வாதிடுவோரே தோற்ற வீரனுக்குப் பெருந்தீங்கு இழைப்போராவர். அவர்களுட் பலர் அவனுடைய பகைவரல்லர், அன்பர்களே என்பதுதான் இதிலுள்ள அவலம். முகம்மது அலியின் இறுதிப் போட்டிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1980 ஒக்டோபர் 2ஆந் திகதி, லாஸ் வெகாஸ் நகரின் சீசர்ஸ் பலஸ் விடுதியில் அமைக்கப்பட்ட திறந்தவெளி அரங்கில், 38 வயதான அலி லறி ஹோம்சை எதிர்த்து நின்றார். அதற்கு முன் ஈராண்டுகளாக அவர் முறையான போட்டி எதிலும் கலந்துகொண்டிருக்கவில்லை. ஹோம்சோ ஒருகாலத்தில் அலியின் பயிற்சிக் கூடத்திலே அவரோடு மோதிப் பழகியவர். பத்துச் சுற்றுகள் நடந்தன. நடுவர் மூவரும் ஒவ்வொரு சுற்றையும் ஹோம்சுக்கே அளித்தனர். பதினோராஞ் சுற்றுக்கு அலியை அனுப்பப் பயிற்றுநர் அஞ்சலோ டண்டி மறுத்துவிட்டார். குறித்த சுற்றுகள் முடியுமுன் நிறுத்தப்பட்டு அலி தோற்ற போட்டி அவர் வாழ்நாளில் இது ஒன்றே. வென்ற ஹோம்ஸ் கண்ணீர் விட்டார்.

இத்தோல்வியைக் காட்டி அலியின் பெருமையை மறுப்போருக்குரிய விடை சுருக்கமானது. 1964இல் சொனி லிஸ்டனையும் 1974இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் போர்மனையும் வென்ற மனிதரை, 1980ஆம் ஆண்டின் தோல்வி பின்னோக்கிச் சென்று வீழ்த்திவிடாது. மேலும், அலியின் நிலை மேடையில் மட்டும் ஈட்டப்பட்டதன்று. 1967இல் வியட்நாம் யுத்தத்துக்கான படைச்சேவையை ஏற்க மறுத்தமையால் அவர் பட்டத்தையும் இளமையின் மூன்றரை ஆண்டுகளையும் இழந்தார். 1971இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர்மீதான தீர்ப்பை நீக்கியது. அந்த மறுப்பின் பெருமையை எந்த நடுவரின் புள்ளித்தாளும் குறைக்கவியலாது.

ஆகவே மீட்கப்பட வேண்டியது எதுவுமிருக்கவில்லை. எனினும் 'இன்னொரு போட்டி' என்ற குரல் எழுந்தது. அதற்குக் கூறப்பட்ட நியாயங்கள் மூன்று.

முதலாவது, அன்று அலி நலமாயிருக்கவில்லை என்பது. தைரொயிட்டுச் சுரப்பிக்கென வழங்கப்பட்ட மருந்து அவரைத் தளரச் செய்தது மெய்யே. ஆனால் தளர்ச்சி அம்மருந்தோடு தொடங்கியதன்று. 1977இல் ஏர்னி சேவர்சுடன் நடந்த போட்டியின் பின், மடிசன் சதுக்க அரங்கின் போட்டி அமைப்பாளர் ரெடி பிறெனர், இனி அலிக்கு அங்கே போட்டி இல்லை என அறிவித்தார். அலியின் மருத்துவர் பேர்டி பச்சேக்கோ, சிறுநீரகங்கள் பழுதுற்றமையைக் காட்டும் அறிக்கையை அலிக்கும் அவரைச் சூழ்ந்தோருக்கும் அனுப்பினார். பதில் வராமையால் விலகிச் சென்றார். 1980 யூலையில் மயோ மருத்துவ நிலையம் அலியைப் பரிசோதித்தபோது, பேச்சிலே தடுமாற்றமும், ஒற்றைக்காலில் துள்ளுவதிலும் விரலால் மூக்கைத் தொடுவதிலும் குறைகளும் குறித்துவைக்கப்பட்டன. அதன் பின்னரே நெவாடா மாநிலம் அனுமதிப்பத்திரம் வழங்கியது. இவ்வளவையும் ஒரு மருந்தின்மேற் சுமத்துவது விளக்கமன்று, சாக்குப்போக்காகும்.

இரண்டாவது, அலி முன்னரும் தோற்று மீண்டவர் என்பது. 1971இல் ஜோ பிறேசியரிடம் தோற்றபோது அவருக்கு வயது 29. 1973இல் கென் நோர்ட்டன் அவரது தாடையெலும்பை முறித்தபோது வயது 31. அத்தோல்விகள் தேறக்கூடிய உடலுக்கு நேர்ந்தவை. 1980இன் தோல்வி தேய்ந்த உடலுக்கு நேர்ந்தது. தோல்வி என்ற பெயரொன்றே இரண்டையும் ஒன்றாக்கிவிடாது. 45ஆம் வயதிற் பட்டத்தை மீட்ட போர்மனை இங்கு உதாரணங் காட்டுவர். அது 1994இல் நிகழ்ந்த அரிய விதிவிலக்கு. அலிக்காக அழுத ஹோம்சே, ஓய்விலிருந்து மீண்டு, அதே 38ஆம் வயதில், 1988இல் மைக் டைசனிடம் நான்காஞ் சுற்றில் வீழ்ந்தார். கண்முன் கண்ட பாடம் அவரையே காக்கவில்லையெனின், பாடத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

மூன்றாவது நியாயமே வலிமையானது: மேடையேறுவது அவரது சொந்த உரிமை, தடுக்க நாம் யார்? இவ்வினாவை எளிதிற் புறந்தள்ளலாகாது. வறுமையிலிருந்து தம் கைகளால் மேலெழுந்த கறுப்பின வீரர்களிடம், செல்வர் வீட்டிலிருந்து 'போதும்' என்று உபதேசிப்பது அருவருப்பானதே. ஆனால் அவ்வுரிமை எத்தகைய சந்தையிற் பயன்படுத்தப்படுகின்றது? ஜோ லூயிஸ் வருமான வரிக் கடன் நெருக்கவே ஓய்வைக் கைவிட்டு வந்தார். 1951இல், 37ஆம் வயதில், ரொக்கி மார்சியானோவின் குத்தில் மேடைக் கயிறுகளுக்கு வெளியே சரிந்தார். பின்னாளில் அதே சீசர்ஸ் பலசில் விருந்தினரை வரவேற்பவராகச் சம்பளம் பெற்றார். அலிக்கு ஹோம்ஸ் போட்டிக்கென வாக்களிக்கப்பட்ட தொகை 80 இலட்சம் டொலர். அதிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொகை குறைந்தமையால் ஏற்பாட்டாளர் டொன் கிங்மீது அவர் வழக்குத் தொடர நேர்ந்தது. அவ்வழக்கும் 50,000 டொலரோடு முடிந்துபோயிற்று. வீரனின் பெருமையைப் போலவே அவனது வீழ்ச்சியும் அச்சந்தையில் விலைபோகும் பண்டமே. கடனும் கரவொலியும் இருபுறமும் தள்ளுகையில் எடுக்கப்படும் முடிவை முழுச் சுதந்திரம் எனல் சொல்லலங்காரமேயன்றி வேறன்று.

அன்பர்கள் கேட்டது கிடைத்தது. 1981 டிசெம்பர் 11ஆந் திகதி பஹாமாஸ் தீவுகளின் நசோ நகரில், நாற்பதை எட்டச் சில வாரங்களே இருந்த அலி, ட்ரெவர் பேர்பிக்கிடம் பத்துச் சுற்றுகளிலும் அடிவாங்கித் தோற்றார். 1984இல் பார்க்கின்சன் நோய்க்குறிகள் அறிவிக்கப்பட்டன. 2016இல் இறக்கும்வரை அந்நோயோடு வாழ்ந்தார். குத்துகளே அந்நோய்க்குக் காரணமா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் நமது வழக்குக்கு அத்தீர்ப்பு அவசியமன்று. பேச்சுத் தடுமாறும் ஒருவரைத் தலையிற் குத்துவதற்கு அனுமதிப்பது தவறு என்பதை உணர எந்த ஆய்வுகூடமும் வேண்டியதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டம், ஒரு மாநிலம் மருத்துவக் காரணத்தால் இடைநிறுத்திய வீரனை மற்ற மாநிலங்களும் மேடையேற்றலாகாது என்றது. 2000ஆம் ஆண்டில் அலியின் பெயரிலேயே வந்த சட்டம் ஏற்பாட்டாளரின் ஒப்பந்தச் சுரண்டலுக்கு எதிரானது. இவை நல்ல தொடக்கங்களே. ஆயினும் நாட்டின் எல்லையோடு நின்றுவிடுவன. மேடைக்கோ எல்லையில்லை, நசோ அதனையே காட்டிற்று. வேண்டப்படுவது ஒரு நெறி: தோற்ற வீரன் மீண்டும் மோதலாமா எனத் தீர்மானிப்பவர் அப்போட்டியால் ஒரு சதமேனும் பெறாதவராயிருத்தல் வேண்டும். ஏற்பாட்டாளரும், வருவாய் பெறும் நகரமும், ஒளிபரப்பு நிறுவனமும் அத்தகுதியை இழந்தோராவர்.

இரசிகரும் அத்தகுதியை இழந்தோரே. அவர்கள் பெறுவது பணமன்று. தம் இளமைக்காலத்து வீரன் இன்னும் முதுமையடையவில்லை என்ற ஆறுதல். அந்த ஆறுதலுக்கான விலையை வீரனின் மூளை செலுத்துகின்றது. பெருமையைக் காக்க விரும்புவோர் நடந்த போட்டிகளைப் பற்றி எழுதட்டும், பேசட்டும், வாதிடட்டும். நடவாத போட்டியைக் கேட்காதிருப்பதே, தோற்ற வீரனுக்கு அவர்கள் செய்யக்கூடிய மரியாதையாகும்.