ஓடும் ஏடும்

பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்திற் பிறந்தேனாதலின், உடைந்த ஓடு என் கண்ணுக்கு என்றும் குப்பையே. அவ்வெண்ணத்தை மாற்றிற்று, புதுவைக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேடு. யவனரோடு வாணிகம் நிகழ்ந்த அப்பட்டினத்தில் இன்று நிற்குஞ் சுவர்கள் 18-ஆம் நூற்றாண்டுக் கிறித்தவக் குருமடத்தின் எச்சங்களே. பழம்பட்டினமோ மண்ணுள் மறைந்து கிடக்கின்றது.

1945-இல் ஆங்கு அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலி நாட்டிற் செய்த செந்நிற மெருகுக் கலங்களின் ஓடுகளைக் கண்டார். அவற்றின் காலம் முன்னரே அறியப்பட்டிருந்தமையால், அதே மண்ணடுக்கிற் கிடந்த நம் நாட்டுப் பானைகளின் காலமுந் துலங்கிற்று. வந்த ஓடு இருந்த ஓட்டிற்குச் சான்று கூறிற்று.

காலடியிற் கண்ட ஓட்டுத் துண்டொன்றை யான் சட்டைப் பையில் இட்டேன். பின்னர் நாணி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். கிடந்த இடத்தில் அது சான்று. என் மேசையிலோ வெறும் ஓடு. ஒன்றை எடுப்பதால் என்ன குறையும் என்பாருளர். நூறு மாணவர் நூறு ஓடு எடுப்பின், ஒரு நூலின் நூறு ஏடுகள் கிழிந்தவாறாம். ஆதலின், ஆங்குச் செல்லும் தோழர்காள், கண்ணாரக் காண்மின், கையாற் கவரன்மின்.