காப்பித்தூளும் உப்புக்கறியும்

அமெரிக்க தேசத்தார் மாட்டிறைச்சித் துண்டத்தின்மேல் காப்பித்தூளும் மிளகாய்த்தூளும் தடவி, நெருப்பில் வாட்டி உண்பர். ஆமத்தூரில் இதனை எடுத்துரைத்தால், காப்பியைக் குடிப்பதா கறியிற் கொட்டுவதா என்று பெரியோர் நகைப்பர். நகைப்பில் நியாயம் உண்டு. ஆயின் 'நம் முன்னோர் செய்யாதது' என்று அவர் கூறும் காரணம் எமக்கு உடன்பாடன்று.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரின் கப்பலேறி இந்நாடு புகுந்தது. காப்பியோ அதற்கும் பின்னர் அரபு நாட்டினின்று வந்தது என்பர். மிளகாயின்றி விருதுநகர்ப் பக்கத்து உப்புக்கறி உண்டோ? காப்பியை அந்நியமென்று தள்ளுவோர் முதலில் வற்றலையன்றோ தள்ளுதல் வேண்டும்!

எம் மறுப்பு வேறு. மாட்டின் மெல்லிய துண்டம் சில நிமிஷங்களிற் பக்குவமாம். வெள்ளாட்டுக்கறியோ நெடுநேரம் வெந்தாலன்றி மெத்தென்றாகாது. முன்னரே தடவிய காப்பித்தூள் அதற்குள் கருகிக் கசக்கும். உப்புக்கறிக்கு நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், விதை நீக்கிய வற்றல், உப்பு, இவை போதும். மிளகாயின் காரம் நீரில் எளிதிற் கரையாது, எண்ணெயிற் கரையும். ஆதலின் வற்றலை முதலில் எண்ணெயில் வதக்கும் நம் பாட்டிமார், ரசாயனம் பயிலாமலே அதன் வழி நின்றனர்.

பரீட்சிக்க விரும்பும் மாணாக்கர், கறி வெந்து நீர் சுண்டிய பின்னர், சிக்கரி கலவாத தூள் ஒரு சிட்டிகை தூவிப் புரட்டி உடனே இறக்குக. வறுத்த கொட்டையின் மணமும் சிவந்த கறியின் மணமும் பெரும்பாலும் ஓரினத்தன. 1912-இல் மயார் என்னும் பிரெஞ்சு ரசாயனி விளக்கிய மாற்றத்திற் பிறப்பன. யாமும் ஒருமுறை செய்தோம். சட்டி காலியாயிற்று, ஆயினும் மறு ஞாயிறு வீட்டார் கேட்டது பழைய உப்புக்கறியையே.