உடைந்த கூரையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்



சமுதாயக் கூடத்தின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் போன வாரம் இறக்கிய லட்சணத்தை எல்லோரும் பார்த்தோம். ஜே போல்ட்டெல்லாம் துருப்பிடித்துவிட்டதாம். அதனால் சம்மட்டியால் அடித்தே இறக்கினார்கள். மேலே நின்ற பையன்கள் மூக்கில் ஒரு துணிகூடக் கட்டவில்லை. கீழே படிந்த வெள்ளைத் தூசியை நம் வீட்டுப் பெண்கள்தான் விளக்குமாறால் கூட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் உடைசல் ஊரெல்லாம் போய்விட்டது. வாசலில் சேறு மிதிக்காமலிருக்கப் பரப்பியிருக்கிறார்கள், கோழிக்கூண்டுக்கு மேல் போட்டிருக்கிறார்கள். ரேஷன் கடைக்கு எதிரே குழியில் கொட்டியது டிராக்டர் ஏறி மாவாகக் கிடக்கிறது. பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அது வெறும் சிமெண்ட் இல்லை. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பறக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் புற்றும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றும் இதனால் வருகின்றன. நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும். “முப்பது வருஷமா இதுக்குக் கீழதான் படுக்கிறோம், என்ன ஆச்சு?” என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். முழுசாக இருக்கும் கூரையைக் கண்டு பதற வேண்டாம். உடைப்பது, துளை போடுவது, கிரைண்டரில் அறுப்பது, இவைதான் ஆபத்து. ஃபேன் கொக்கிக்காக உள்ளிருந்து துளை போட்டால் அந்தத் தூசி பாயிலும் சோற்றுப் பானையிலும்தான் விழும்.

வேலையிடத்துக் கல்நாரால் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆஸ்திரேலியா 2003 முடிவிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும், நேபாளம் 2015-லும் தடை செய்துவிட்டன. நமக்குப் பல காலம் ஏற்றுமதி செய்த கனடாவே 2018-ல் தன் மண்ணில் தடுத்துவிட்டது. நம் நாட்டிலோ புதிய சுரங்கத்துக்கு அனுமதியில்லை, இறக்குமதி மட்டும் ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல். தோண்டுவது ஆபத்தென்றால், நம் தலைக்கு மேல் போட்டு உடைப்பது ஆபத்தில்லையா?

உடைசலை எடுத்துப்போனவர்கள் தயவுசெய்து இனி கையால் நொறுக்காதீர்கள், காய்ந்தபடி கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைந்த நிலையில் தடித்த பிளாஸ்டிக்கில் கட்டி வையுங்கள். சாதாரணத் துணி இந்த இழையைத் தடுக்காது. என்95 முகக்கவசமாவது போடுங்கள். கட்டி வைத்ததை அபாயக் கழிவாக அப்புறப்படுத்துவது ஊராட்சியின் பொறுப்பு. அதற்கான கிடங்கு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. நம் ரேஷன் கடைக் குழி அதற்கான இடம் அல்ல.

அடுத்து சத்துணவுக் கூடத்தின் கூரையை மாற்றப்போகிறார்கள். நனைத்து, போல்ட்டை வெட்டி, ஷீட்டை முழுசாக இறக்க வேண்டும். அதுவும் பள்ளி விடுமுறையில். புதுக் கூரை கல்நார் இல்லாததாக இருக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேட்கிறோம், எல்லோரும் வந்து கையெழுத்துப் போடுங்கள். சமுதாயக் கூடத்தில் நடந்தபோது வேடிக்கை பார்த்தது போதும். மறுபடி சம்மட்டியோடு ஆள் வந்தால், சத்துணவுக் கூட வாசலில் நாங்கள் உட்காருவோம்.

இப்படிக்கு,
ஊர் மகளிர் குழுக்கள், கட்டடத் தொழிலாளர்கள்