ஒரு மாணவிக்காக நின்ற ரயிலும் சொல்லப்படாத கதையும்

ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவில், ஆள் நடமாட்டம் அருகிய ஒரு கிராமத்தின் சிறிய புகையிரத நிலையம் 2016 ஆம் ஆண்டு ஜனவரியில் உலகெங்கும் பேசப்பட்டது. பாடசாலை செல்லும் ஒரேயொரு மாணவிக்காக அந்நிலையம் மூடப்படாதிருக்கிறது என்றும், அவர் கல்வியை நிறைவு செய்யும் வரை புகையிரத நிறுவனம் காத்திருக்கிறது என்றும் வெளியான செய்தி பலரையும் நெகிழ வைத்தது. தனியொரு பிரஜையையும் மதிக்கும் நாட்டுக்கு இதுவே இலக்கணம் எனப் பலரும் பாராட்டினர்.

அச்செய்தியில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், முழு உண்மையும் அதில் இல்லை. நிலையத்தின் பெயரே பல இடங்களில் தவறாக வெளிவந்தது. கமி-ஷிரட்டாகி எனச் சொல்லப்பட்டபோதிலும், அம்மாணவி ரயிலேறியது அதே பாதையிலுள்ள கியூ-ஷிரட்டாகி நிலையத்திலாகும். அயல் நிலையங்களிலிருந்தும் மாணவர்கள் அதே ரயிலில் பயணித்தனர். ஜப்பானில் கல்வியாண்டு மார்ச் மாதத்தில் நிறைவடைகிறது. புகையிரத நேர அட்டவணைகள் திருத்தப்படுவதும் வழமையாக அம்மாதத்திலேயே ஆகும். 2016 மார்ச் 26 ஆம் திகதி அட்டவணை மாற்றத்துடன் இவ்விரு நிலையங்களும் ஷிமோ-ஷிரட்டாகி நிலையமும் ஒன்றாகவே மூடப்பட்டன. ஹொக்கைடோவுக்கான ஷின்கன்சென் அதிவேக ரயில் சேவை ஆரம்பமானதும் அதே தினத்திலாகும்.

இந்த ஒற்றுமை தற்செயலானதாக இருக்கலாம். ஆயினும், ஜப்பானியப் புகையிரதத்துறையின் இரண்டு முகங்களை அது ஒரே நாளில் வெளிக்காட்டியது.

1987 ஆம் ஆண்டு ஜப்பானிய தேசிய புகையிரத சேவை ஆறு பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரிக்கப்பட்டது. டோக்கியோ, ஒசாகா போன்ற பெருநகரங்களைக் கொண்ட நிறுவனங்கள் இலாபமீட்டின. பரந்த நிலப்பரப்பும் குறைந்த சனத்தொகையும் கடும் பனிப்பொழிவும் கொண்ட ஹொக்கைடோவில் நட்டம் தவிர்க்க முடியாதது என்பது அன்றே அறியப்பட்டிருந்தது. எனவே, 682.2 பில்லியன் யென் நிதியமொன்று ஜே.ஆர். ஹொக்கைடோ நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதன் வட்டியைக் கொண்டு நட்டத்தை ஈடுசெய்வதே ஏற்பாடு. ஆனால், ஜப்பானில் வட்டி வீதம் பூச்சியத்தை அண்மித்தபோது அந்த ஏற்பாடும் ஆட்டங்கண்டது. கிராமங்களிலிருந்து இளைஞர்கள் வெளியேற, பயணிகளின் தொகையும் வீழ்ச்சியடைந்தது.

இதன் விளைவாக, தனது வலையமைப்பின் ஏறத்தாழ அரைவாசியான 1,237 கிலோ மீற்றர் பாதையைத் தன்னால் தனித்துப் பராமரிக்க இயலாதென அந்நிறுவனம் 2016 நவம்பரில் அறிவித்தது. ஒரு மாணவிக்காகக் காத்திருப்பதாக உலகம் போற்றிய அதே ஆண்டிலேயே இந்த அறிவிப்பும் வெளியானது. ஆனால், முன்னைய செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இதனை அறிந்திருப்பர்?

அதன் பின்னர் ஒவ்வொரு பிரதேசமும் ஒவ்வொரு வழியைத் தேட வேண்டியதாயிற்று. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டதால் ஒரு இலட்சத்துக்கும் அதிகமாயிருந்த சனத்தொகை பத்தாயிரத்துக்கும் கீழ் வீழ்ந்த யுபாரி நகரின் அப்போதைய மேயர் நவோமிச்சி சுசுகி, நகருக்கான புகையிரதப் பாதையை மூடுவதற்குத் தாமாகவே முன்வந்து, பதிலாக பஸ் சேவைக்கான உதவியைக் கோரினார். அப்பாதை 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. ஹிடகா பாதையின் 116 கிலோ மீற்றர் பகுதி, 2015 ஜனவரியில் கடல் கொந்தளிப்பினால் சேதமடைந்து, மீண்டும் ஒரு ரயிலைக் காணாமலே 2021 இல் கைவிடப்பட்டது. மாறாக, வீதியே சென்றடையாத கொபோரோ நிலையத்தை, அதனைக் காண வரும் பயணிகளை எண்ணி டொயோஉரா நகரசபை தனது செலவில் பராமரிக்க முன்வந்தது.

இவை அனைத்தும் ஒரே கேள்வியையே எழுப்புகின்றன. சிலர் மாத்திரமே பயன்படுத்தும் பொதுச் சேவையின் செலவை யார் ஏற்பது? நிறுவனமா, பிரதேச மக்களா, மத்திய அரசா? நட்டம் வருமெனத் தெரிந்தே பிரித்த அரசு, அதனை வட்டியின் பொறுப்பில் விட்டு ஒதுங்கியது. இத்தகைய பாதைகளின் எதிர்காலத்தை ஆராயும் பேச்சுமேசைக்கு மத்திய அரசே அழைப்பு விடுக்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் 2023 ஒக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்தது. பிரிப்பு நிகழ்ந்து முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னர் என்பதை இங்கு கவனிக்க வேண்டும்.

வெறிச்சோடிய எல்லா நிலையங்களையும் என்றென்றும் திறந்து வைத்திருக்க எந்த நாட்டாலும் இயலாது. ஒழுங்கான பஸ் சேவை சில இடங்களில் ரயிலைவிடப் பயன் தரவும் கூடும். ஆனால், பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லும் வழி ஒரு நிறுவனத்தின் கருணையில் தங்கியிருக்கலாகாது. கருணை ஓர் அட்டவணை மாற்றத்துடன் முடிந்துவிடும். உரிமை அவ்வாறு முடிவதில்லை. பனியில் தனித்து நின்ற அந்த மாணவிக்காக நெகிழ்ந்தவர்கள், அவருக்குப் பின் அக்கிராமங்களில் எஞ்சியிருக்கும் முதியோரைப் பற்றியும் சிந்திப்பதே நியாயமாகும்.