தாய்க்கென ஒரு பை வேண்டும்!

பால்மரக் காட்டில் வாழ்ந்த நம் மக்களுக்கு ஆயாக்கொட்டகையை நினைவூட்டத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தாய், உறங்கும் குழந்தையை அங்கே விட்டுப் போவாள். மரம் சீவி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்பும்போது உச்சி வெயில் ஏறியிருக்கும். அவள் மார்பில் பால் கட்டியிருக்கும். குழந்தையோ டின் பாலைக் குடித்துவிட்டு உறங்கியிருக்கும். தோட்டத்துக்குப் பால் சுமந்தவள் தன் பிள்ளைக்குப் பாலூட்ட முடியவில்லை!

சிங்கப்பூரில் இன்று ரப்பர்த் தோட்டங்கள் இல்லை. அந்தத் தாயின் பேத்திகள் அடுக்குமாடி வீடுகளிலிருந்து துப்புரவு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறார்கள். ஆயினும் பிள்ளையின் பசிக்கு டின்னைத் தேடும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இந்தப் பழக்கத்தை எதிர்த்து முதலில் குரல் எழுந்த ஊர்களில் நம் ஊரும் ஒன்று. 1939ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் பணிபுரிந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார், இங்குள்ள ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின் பாலைப் பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தூண்டுவது கொலைக்கு ஒப்பானது என்று அவர் சாடினார். கேட்டவர்கள் பால் கம்பெனிகளின் நண்பர்களாக இருந்தாலும் அவர் அஞ்சவில்லை.

ஆண்டுகள் பல சென்றன. 2017இல் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் ஆராய்ந்தபோது, 900 கிராம் பால்மாவு டின்னின் சராசரி விலை பத்தாண்டுகளில் 120 விழுக்காடு உயர்ந்து, சுமார் 56 வெள்ளியை எட்டியிருந்தது தெரிந்தது. விலை கூடினால் சத்தும் கூடும் என்று நம்பி, தன் சோற்றைக் குறைத்து டின் வாங்கிய தாய்மார் எத்தனை பேர்! தாய்ப்பால் கொடுக்க இயலாதவரை நாம் குறை கூறவில்லை. விலை குறைந்த டின்னும் அரசாங்கம் விதித்த சத்து அளவுக்கு உட்பட்டதே என்பதை அவர்கள் அறிய வேண்டும் என்கிறோம்.

பிள்ளைக்கு உணவு தாயின் தட்டிலிருந்து தொடங்குகிறது. 1940இல், போர் நெருக்கடியிலும், பிரிட்டிஷ் அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மலிவாகவோ இலவசமாகவோ பால் வழங்கியது. நம் ஊரிலும் போருக்குப் பின், 1947இல், சமூக நலத் துறை பள்ளி வயது எட்டாத ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு நிலையங்கள் திறந்தது. இந்தியாவில் 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் பிள்ளையோடு கர்ப்பிணியையும் பாலூட்டும் தாயையும் கணக்கில் சேர்த்தது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் அவர்களுக்குச் சத்துமாவு தருகிறார்கள்.

இன்று சிங்கப்பூரில் உதவிக்குப் பஞ்சமில்லை. 2005 முதல் காம்கேர் நிதி உண்டு. 2016 முதல் வருமானம் குறைந்த குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கிட்ஸ்டார்ட் உண்டு. நல்லுள்ளம் கொண்டோர் வீடு தேடி உணவுப் பைகளும் கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் மீ பாக்கெட், பிஸ்கட், இனிப்பு டின் பால் என நிரப்பிய பை வயிற்றை நிரப்பலாம். இரத்தத்தை ஊறச் செய்யாது.

ஆகவே நாம் கேட்பது இது: கர்ப்பிணியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டுக்குத் தனிப் பை கொடுங்கள். அதில் முட்டையும் பருப்பும் நெத்திலியும் கேழ்வரகு மாவும் இருக்கட்டும். தேக்கா மார்க்கெட்டில் கீரையும் கொய்யாவும் வாங்கச் சீட்டு ஒன்றும் இருக்கட்டும். இவை நம் பாட்டிமார் அறிந்த உணவு, டின்னைவிட மலிவு.

ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். எல்லாரும் உண்டபின் மிச்சத்தை வழித்துத் தின்பவள்தான் நல்ல மனைவி என்ற எண்ணத்தை இன்றே ஒழியுங்கள். பிள்ளையைச் சுமப்பவளுக்கு முதல் தட்டை வையுங்கள். சோறு உண்டவுடன் தேநீர் வேண்டாம். அது உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது.

கூலி உயர்வுக்குக் கொடி பிடித்தவர்கள் நாம். தாயின் தட்டு நிறையாத வீட்டில் எந்தக் கூலி உயர்ந்து என்ன பயன்? தாயைக் காப்போம், பிள்ளையை அவள் காப்பாள்!