பனியைப் பார்ப்பதோடு நின்றுவிடலாமா?

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்குப் பனி என்பது, மார்கழி விடியலில் மாந்தோப்புகளின் மேல் படர்ந்து, கதிரவன் ஏறியதும் விலகிவிடும் மெல்லிய திரையே ஆகும். குளிர்ச்சியை நாடி நாம் செல்லும் ஹார்ஸ்லி மலை, மதனப்பள்ளிக்கு அருகே சுமார் 1,265 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கும் உறைபனி பொழிவதில்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் வளர்ந்த நமக்கு, காலுக்கடியில் நொறுங்கும் வெண்பனி திரைப்படப் பாடல்களில் கண்ட காட்சியாகவே நெடுங்காலம் இருந்து வந்தது.

அந்நிலை இன்று மாறியிருக்கிறது. சங்கராந்தி விடுமுறையை ஒட்டி மணாலிக்கும் காஷ்மீருக்கும் அவுலிக்கும் புறப்படும் குடும்பங்களை நம் கிளைகளில் ஆண்டுதோறும் காண்கிறோம். புறப்படும் முன் கார்டு வரம்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். திரும்பியதும் கைப்பேசியில் படங்களைக் காட்டுகிறார்கள். எல்.எஃப்.சி. சலுகையில் வடக்கே செல்லும் வங்கி ஊழியர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். படங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. வாடகைக் கோட்டு, வாடகை பூட்ஸ், காலில் இரு நீண்ட பலகைகள், முகத்தில் சிரிப்பு, தோளைத் தாங்கிப் பிடித்திருக்கும் யாரோ ஒருவரின் கை. அரை மணி நேரம் கழிந்ததும் பலகைகள் கழற்றப்படுகின்றன. சூடான தேநீருடன் பனிச்சறுக்கு முடிந்துவிடுகிறது.

அத்தனை தொலைவு சென்று, அத்தனை செலவு செய்து, படத்தோடு திரும்புவது போதுமா என்பதே நம் கேள்வி. ஐந்து ஊர்களை ஐந்து நாளில் சுற்றுவதை விட, ஒரே மலையில் ஒரு வாரம் தங்கிப் பனிச்சறுக்கை முறையாகக் கற்பதே பணத்துக்கும் காலத்துக்கும் தகுந்த பயனைத் தரும் என்பது நம் கருத்து. நாற்பதைக் கடந்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

கற்பிக்கும் இடங்கள்

பனிச்சறுக்கு நம் நாட்டுக்குப் புதிதன்று. காஷ்மீரின் குல்மார்க்கில் 1927-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர்கள் இதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். 1968-இல் அங்கே ஒன்றிய அரசின் சுற்றுலாத் துறை சார்ந்த பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் அமைந்தது. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தி இரு கட்டங்களாக, அபர்வத் மலையின் 3,900 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் வரை செல்கிறது. தொடக்கநிலையாளருக்கு அந்த உச்சி தேவையில்லை. ஊரை ஒட்டிய மென்சரிவுகளே அவருக்குரிய வகுப்பறை.

உத்தராகண்டின் அவுலியில் கர்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் 7 நாள், 14 நாள் வகுப்புகளை நடத்தி வருகிறது. 2011-ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடைபெற்ற சரிவு அது. இமாச்சலத்தில் மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம் சோலங் பள்ளத்தாக்கில் பயிற்சி அளிக்கிறது. சில வகுப்புகளுக்கு வயது வரம்பும் மருத்துவச் சான்றும் உண்டு என்பதால், முன்பதிவுக்கு முன்பே கேட்டுத் தெளிவது நன்று.

முறையான வகுப்பைச் சேர்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மலையில் வாழும் பயிற்றுநருக்கு ஆண்டில் மூன்று, நான்கு மாதங்களே பனிக்காலம். அரை மணி நேரப் படத்துக்கு நாம் தரும் தொகை பெரும்பாலும் வாடகைக் கடைக்கும் தரகருக்கும் போகிறது. ஒரு வாரம் கற்பவரோ, கற்றறிந்த ஒருவரின் திறமைக்கு ஒரு வார ஊதியம் தருகிறார்.

முதல் வாரத்தின் பாடங்கள்

முதல் நாள் பெரும்பாலும் சமதரையிலேயே கழிகிறது. கணுக்காலை அசையவிடாத கனத்த பூட்ஸில் நடப்பதே ஒரு பாடம். பலகையைப் பூட்டவும் கழற்றவும், மேட்டில் பக்கவாட்டாக அடிவைத்து ஏறவும் பழக்குகிறார்கள். அடுத்து விழக் கற்பிக்கிறார்கள். விழுவதற்கும் முறை உண்டு. பின்னோக்கி அமரக் கூடாது. கையை ஊன்றக் கூடாது. மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து, இடுப்பின் பக்கவாட்டில் விழ வேண்டும். எழும்போது இரு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்காக வைக்க வேண்டும். இல்லையேல் எழுந்த கணமே அவை நம்மை இழுத்துச் சென்றுவிடும்.

அடுத்த பாடம் நிறுத்துவது. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பகுதிகளை அகற்றி, ஆப்பின் வடிவில் வைத்து உள்விளிம்புகளால் பனியை அழுத்தினால் வேகம் குறைகிறது. அதன் பின்னரே திரும்புவது வருகிறது. வலப்புறம் திரும்ப இடக்காலிலும், இடப்புறம் திரும்ப வலக்காலிலும் எடையைச் செலுத்த வேண்டும். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும் இது, காலுக்குப் புரிய இரண்டு நாள் ஆகும்.

இவை எல்லாவற்றிலும் கடினமானது வேறொன்று. சரிவைக் கண்டு அஞ்சும் உடல் தானாகவே பின்னோக்கிச் சாய்கிறது. அவ்வாறு சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் எடை குறைந்து, திருப்பும் ஆற்றல் போய்விடுகிறது, வேகம் கூடுகிறது. ஆகவே முழங்காலை மடித்து, முன்னங்காலைப் பூட்ஸின் முன்புறத்தில் அழுத்தி, சரிவை நோக்கியே சாய வேண்டும். எந்தத் திசையை அச்சம் தடுக்கிறதோ, அந்தத் திசையிலேயே கட்டுப்பாடு இருக்கிறது.

சரிவுக்கென்று ஓர் ஒழுங்கும் உண்டு. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு வகுத்துள்ள பத்து விதிகளின்படி, கீழே முன்னால் செல்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து பின்னால் வருபவர்தாம் வழி விலகிச் செல்ல வேண்டும். பின்னால் வருபவர் ஒலிப்பானை அழுத்தி முன்னால் செல்பவரை ஒதுக்கும் நம் சாலைகளுக்கும் இவ்விதி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதற்கான ஆயத்தத்தை நம் ஊரிலேயே தொடங்கலாம். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் 3,550 படிகளை ஏறியவர்களுக்கு மூச்சின் அளவு தெரியும். ஆனால் படிகளில் இறங்கும்போதுதான் தொடைகள் நடுங்குகின்றன என்பதை இறங்கிப் பார்த்தவர்கள் அறிவர். பனிச்சறுக்கில் நாள் முழுவதும் உழைப்பவை அதே தசைகள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே மருத்துவரின் ஆலோசனையுடன் படி ஏறி இறங்கிப் பழகினால், நான்காம் நாள் மலையில் முழங்கால் நம்மைக் கைவிடாது.

எழும் மறுப்புகள்

‘இது மலைவாசிகளின் விளையாட்டு, நமக்கு ஒத்துவராது’ என்பது முதல் மறுப்பு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்ற ஆரிஃப் கான், குல்மார்க்கின் அருகிலேயே வளர்ந்தவர் என்பது உண்மையே. ஆனால் உலக அளவிலான நெடுந்தொலைவுப் பனிச்சறுக்குப் போட்டிகளில் நாட்டின் சார்பில் களம் கண்ட பவானி, பனியே பொழியாத கர்நாடகத்தின் குடகிலிருந்து சென்றவர். வளர்ந்த பின் வடக்கே சென்று பனியில் கால் வைத்தவர் அவர். காப்பித் தோட்டத்து மண்ணிலிருந்து செல்ல முடியுமானால் மாந்தோப்பிலிருந்தும் செல்ல முடியும். நம் பிள்ளைகளில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளில், எவருக்கு எந்தத் திறமை உறங்குகிறது என்பதை அரை மணி நேரப் படம் சொல்லாது.

‘ஆபத்தில்லையா?’ என்பது அடுத்தது. உண்டு. 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிப்ரவரி மாதத்தில் குல்மார்க்கின் மேல்சரிவுகளில் பனிச்சரிவு ஏற்பட்டு வெளிநாட்டு வீரர்கள் உயிரிழந்தனர். வரையறுக்கப்பட்ட தடங்களுக்கு வெளியே உள்ள சரிவுகள் தேர்ந்தவர்களுக்கே ஆபத்தானவை. தொடக்கநிலையாளருக்கு அங்கே வேலையே இல்லை. பயிற்றுநர் காட்டிய எல்லைக்குள் நிற்பது, தலைக்கவசம் அணிவது, 2,500 மீட்டருக்கு மேல் சென்றதும் ஒரு நாள் ஓய்வெடுத்து உடலைப் பழக்குவது ஆகிய மூன்றும் கட்டாயம். புதிய பனி, புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக் கூடியது என்பதால் கண்ணாடியும் முகப்பூச்சும் தேவை. உள்ளாடை பருத்தியாக இருக்கக் கூடாது. நம் வெயிலுக்கு உற்ற தோழனான பருத்தி, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிரில் நம்மை நடுங்க வைத்துவிடும்.

மூன்றாவது மறுப்பு பனியின் நம்பகமின்மை. இதையும் மறுப்பதற்கில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பனியின்றிப் பழுப்பு நிறத்தில் கிடந்ததை நாடே பார்த்தது. அவுலியின் அடிவாரமான ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் கண்டபோது, அங்கிருந்து மேலே செல்லும் கம்பிவட ஊர்தி நிறுத்தப்பட்டது. ஆகவே பனி அதிகம் எதிர்பார்க்கப்படும் ஜனவரிக் கடைசியையோ பிப்ரவரியையோ தேர்ந்தெடுப்பதும், தேதி மாற்ற இடமளிக்கும் முன்பதிவைச் செய்வதும் அறிவுடைமை. இமயத்தின் பனி குறைந்து வருவது நமக்குக் கவலை தருமானால், ஐந்து ஊர்களுக்கு வண்டியில் விரைவதை விட ஓரிடத்தில் தங்குவது மலைக்கும் நன்மையே.

கடனா, சேமிப்பா?

செலவைப் பற்றி வங்கியாளர்கள் சொல்லாமல் விட முடியாது. வணிகவியல் படித்த நமக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே பழக்கம். எடுத்துக்காட்டாக, 1,00,000 ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் தனிநபர் கடனாகப் பெற்று 24 மாதங்களில் அடைத்தால், மாதத் தவணை சுமார் 4,707 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 13,000 ரூபாய். மாறாக, மாதம் 4,000 ரூபாயைத் தொடர் வைப்பில் 24 மாதங்கள் செலுத்தி, 6.5 விழுக்காடு வட்டி கிடைப்பதாகக் கொண்டால், நாம் கட்டிய 96,000 ரூபாய் சுமார் 1,02,700 ரூபாயாகிறது. வீடும் கல்வியும் கடனுக்கு உரியவை, காத்திருக்க முடியாதவை. பனிமலையோ இரண்டு ஆண்டு காத்திருக்கும். விடுமுறைக்குக் கடன் வாங்க வேண்டாம் என்று ஒரு வங்கியின் இதழிலேயே எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். வாடிக்கையாளரின் நிம்மதியே வங்கியின் நிலையான வைப்பு என்று நாம் நம்புகிறோம்.

ஆடியில் மாங்காய்ப் பணம் கைக்கு வரும் விவசாயிகள், அதில் ஒரு பகுதியை அப்போதே ஒதுக்கி ஓராண்டு வைப்பாகப் போட்டுவிடலாம்.

மேலும் இரு குறிப்புகள். பயணக் காப்பீட்டு ஆவணத்தில் ‘சாகச விளையாட்டு’ பற்றிய பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். பல திட்டங்களில் பனிச்சறுக்குக் காயங்களுக்குத் தனிக் கட்டணம் செலுத்தினாலன்றி இழப்பீடு கிடைக்காது. அடுத்து, ஜம்மு-காஷ்மீரில் பிற மாநில ப்ரீபெய்டு சிம் அட்டைகள் இயங்குவதில்லை. சிம் இயங்காவிட்டால் ஓ.டி.பி. வராது, பணப் பரிமாற்றமும் தடைப்படும். குடும்பத்தில் ஒருவரேனும் போஸ்ட்பெய்டு இணைப்பை, வங்கிக் கணக்கோடு பதிவு செய்த எண்ணில் வைத்திருப்பதும், ஓரளவு ரொக்கம் கொண்டு செல்வதும் நல்லது.

கற்பவராக நிற்பது

இவை எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. நாற்பது வயதுக்குள் நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றில் தேர்ந்துவிடுகிறோம். கையெழுத்துக்குக் காத்திருப்பவர்கள், யோசனை கேட்பவர்கள், ‘சார்’ என்றும் ‘மேடம்’ என்றும் அழைப்பவர்கள் நம்மைச் சூழ்ந்திருக்கிறார்கள். எதையும் அறியாதவராக ஒருவர் முன் நிற்கும் வாய்ப்பு அருகிப் போகிறது. பனிச்சரிவில் பதவி இல்லை. நம்மைவிட இருபது வயது இளைய பயிற்றுநர் ‘மீண்டும்’ என்கிறார். நாம் மீண்டும் ஏறுகிறோம். பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி நமக்கு முன்பே கற்றுக்கொண்டு கடந்து போகிறாள்.

இந்த அனுபவம் கிளைக்குத் திரும்பிய பின்னும் உதவுகிறது. எழுபது வயது ஓய்வூதியர் ஒருவர் கைப்பேசி வங்கிச் செயலியை முதன்முறையாகத் திறந்துகொண்டு, தவறான பொத்தானைத் தொட்டுவிடுவோமோ என்று விரலைப் பின்னிழுக்கிறார். அந்த விரலின் தயக்கமும், சரிவின் விளிம்பில் பின்சாயும் உடலின் தயக்கமும் ஒன்றே. தானும் தொடக்கநிலையில் நின்று தடுமாறிய ஒருவருக்கு, நான்காம் முறையும் அதே பாடத்தைப் பொறுமையாகச் சொல்லித்தருவது எளிதாகிறது. வீட்டில் கணக்கோடு போராடும் பிள்ளைக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

எனவே அடுத்த குளிர்காலப் பயணத்தைத் திட்டமிடும் வாடிக்கையாளர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான்: ஊர்களின் பட்டியலைச் சுருக்குங்கள்; நாட்களைக் கூட்டுங்கள். இந்த மாதமே ஒரு தொடர் வைப்பைத் தொடங்குங்கள். மகளையும் மகனையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் வகுப்பில் இருக்கும்போது வெளியே நாற்காலியில் அமர்ந்திராமல் நீங்களும் வரிசையில் நில்லுங்கள். ஒரு வாரத்தின் முடிவில் ஐம்பது மீட்டர் மென்சரிவில் விழாமல் இறங்கி, நீங்கள் நினைத்த இடத்தில் நின்றுவிட்டால், அதுவே போதிய தேர்ச்சி.